ரேடான்: பேஸ்மென்டில் யார் படுக்கிறார்?

சோளக்காட்டான்:
"ரேடான் டெஸ்ட் எல்லாம் குழாய் மாட்டுகிறவர்கள் கிளப்பிய பூச்சாண்டி" என்று வீடு வாங்கும் இழையில் பெல்லா ஊர்க்காரர் ஒருவர் நேற்று அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். ஐயா, ரேடான் என்பது மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு. நாம் இருப்பது அமெரிக்காவின் ஐயோவா மாநிலம். இதன் 99 கவுண்டியும் (மாவட்டம்) இ.பி.ஏ.வின், அதாவது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின், ரேடான் வரைபடத்தில் சிவப்பு, ஆபத்து அதிகமான பகுதி. பத்துக்கு ஏழு வீட்டில் லிட்டர் காற்றுக்கு 4 பிகோகியூரிக்கு (கதிரியக்க அளவு) மேல்; அதுதான் சரிசெய்யச் சொல்லும் எல்லை. என் வீட்டில் ரேடான் அளக்கும் கரி டப்பா வைத்தேன், 9.2 வந்தது. புதிதாக வருகிறவர்களைக் கெடுக்காதீர்கள்.

பெல்லா பெரியவர்:
சுற்றி வளைப்பானேன், நான்தான் அது. டப்பாவை எங்கே வைத்தீர்?

சோளக்காட்டான்:
பேஸ்மென்டில்.

பெல்லா பெரியவர்:
அதானே பார்த்தேன். பேஸ்மென்டில் யார் படுக்கிறார்? வாட்டர் ஹீட்டரும் பழைய சூட்கேஸும். சூட்கேஸுக்கா புற்றுநோய் வரும்? இதற்குத் தரையில் ஓட்டை போட்டு, பிவிசி குழாய் இறக்கி, ஃபேன் மாட்ட என்னிடம் ஒருவன் 1,500 டாலர் கேட்டான்.

வெண்பனி:
அண்ணா, பனிப்பாறை இழுத்துவந்து கொட்டிய மண் இது. அதிலுள்ள யுரேனியம் சிதைந்து ரேடியம், அப்புறம் ரேடான். குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலே ஏற, கீழே சம்ப் குழியும் (பேஸ்மென்டில் நீர் சேரும் குழி) விரிசலும் மண்காற்றை உறிஞ்சும். அது பேஸ்மென்டோடு நின்றுவிடாது. ஆண்டுக்குச் சுமார் 21,000 நுரையீரல் புற்றுநோய்ச் சாவு இதனால் என்பது இ.பி.ஏ. மதிப்பீடு. அதில் 2,900 பேர் புகையே பிடிக்காதவர்கள்.

பெல்லா பெரியவர்:
21,000 பேரும் பேஸ்மென்டில் படுத்தவர்களா, தங்கச்சி?

சோளக்காட்டான்:
1984இல் பென்சில்வேனியாவில், லிமெரிக் அணுமின் நிலையத்துக்குள் வேலைக்கு நுழைந்த ஸ்டான்லி வாட்ரஸால் கதிர்வீச்சு அலாரம் அடித்தது. அங்கே உலையே இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. அவர் வீட்டில் ரேடான் அளந்தால் 2,700 பிகோகியூரி!

பெல்லா பெரியவர்:
வீட்டில் எங்கே அளந்தார்கள்? அதைச் சொல்லும்.

தயிர்சாதம்:
பெரியவர் பொங்கல் விழாவில் கராஜ் பின்னால் நின்று ஊதியதைப் பார்த்தோமே. சிகரெட்டும் ரேடானும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு, சார்.

பெல்லா பெரியவர்:
அதே விழாவில் என் இட்லிப் பானையை வாங்கிப்போய் இன்னும் தராதவர் எனக்கு ஆரோக்கியம் சொல்லித் தருகிறார். பேஷ்.

தயிர்சாதம்:
பானையை உங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அக்காவைக் கேளுங்கள்.

பெல்லா பெரியவர்:
தட்டு மூன்றுதான் வந்தது. நான்கு கொடுத்தேன். போகட்டும், நானும் டெஸ்ட் எடுத்தவன்தான். 1.8. என்ன சொல்கிறீர்கள்?

வெண்பனி:
எந்த மாதம், எந்த அறை?

பெல்லா பெரியவர்:
ஜூலை. மாடிப் படுக்கையறை. நான் படுக்கிற இடம்.

வெண்பனி:
ஜன்னல்?

பெல்லா பெரியவர்:
திறந்துதான். ஜூலையில் மூடிக்கொண்டு வேகச் சொல்கிறீர்களா?

சோளக்காட்டான்:
😂 12 மணி நேரம் முன்பிருந்தே வீட்டைச் சாத்தி, ஆள் புழங்குகிற கீழ்த்தளத்தில் வைக்க வேண்டும் என்று டப்பா உறையிலேயே போட்டிருக்கிறது. படிப்பதில்லையா?

பெல்லா பெரியவர்:
ஆள் புழங்குகிற! அதைத்தானே காலையிலிருந்து கேட்கிறேன். பேஸ்மென்டில் யார் படுக்கிறார்?

தயிர்சாதம்:
உங்கள் பையன். காலேஜ் முடித்து வந்ததிலிருந்து அங்கேதானே கேம் ஆடுகிறான், தூங்குகிறான்.

பெல்லா பெரியவர்:
அவன் சோபாவில் படுக்கிறான். சோபா படுக்கை ஆகாது. நாலாவது தட்டு எங்கே?