நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் பொடி நாய்க்குட்டிக்கும் பூனைக்கும் தேவைதானா?

கேள்வி
பதிவர்: இருவாலி

வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு வயதுப் பெண்பூனை ஒன்று உள்ளது. இரண்டு வாரங்களுக்கு முன்பு ஏழு வார நாய்க்குட்டி ஒன்றையும் கொண்டுவந்தோம். வந்த மறுநாளே குட்டிக்கு முதல் தடுப்பூசி போடப்பட்டது; மூன்று வாரம் கழித்து அடுத்த ஊசிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நிலையில், அதே ஈற்றில் பிறந்து வேறொரு வீட்டுக்குப் போன குட்டி ஒன்று, முதல் ஊசி போட்ட பின்னரும் நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற வைரஸ் நோயால் மூன்று நாட்களுக்கு முன்பு இறந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஊசி போட்ட குட்டிக்கே இப்படி என்றால், நான் இனி எதை நம்புவது என்று தெரியவில்லை.

பூனைக்கும் உடல்நலம் சரியில்லை. குட்டி வந்த ஒரு வாரத்திலிருந்து அது தும்முகிறது. இடக்கண்ணில் நீர் வடிகிறது. பிறந்த சில வாரங்களில் அதைத் தெருவிலிருந்து எடுத்து வந்தபோதும் இதே தொல்லை இருந்து, பிறகு தானாகவே சரியானது.

நண்பர் ஒருவர் எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று சொல்லி ஒரு பொடியைக் கொடுத்திருக்கிறார். இரண்டுக்கும் பூண்டை நசுக்கி உணவில் கலந்து கொடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். வைட்டமின் சி மாத்திரை நல்லது என்றும் படித்தேன். இவற்றில் எதைத் தொடங்கலாம்? ஒரே நோய்க்கு ஏன் இத்தனை ஊசிகள்? குட்டியை எப்போது வெளியே அழைத்துச் செல்லலாம்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.


பதில் 1
பதிவர்: பசுந்தரை (கால்நடை மருத்துவர்)

குட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நாள் கணக்கு அங்கேதான் முக்கியம்.

பிறந்த குட்டியின் உடலில் அதற்கென்று எதிர்ப்பொருள் அநேகமாக இருப்பதில்லை. முதல் ஒரு நாளுக்குள் குடிக்கும் சீம்பாலின் வழியாகத் தாயின் எதிர்ப்பொருள்கள் குடலிலிருந்து நேராக இரத்தத்தில் கலக்கின்றன. அதன் பின்பு குடலில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. தாய் கொடுத்த இந்தக் காப்பு வாரத்துக்கு வாரம் கரைந்துகொண்டே போகும். ஆனால் அது போதிய அளவு இருக்கும் வரை, தடுப்பூசியில் உள்ள வீரியம் குறைக்கப்பட்ட வைரஸையும் சேர்த்தே அழித்துவிடுகிறது; ஆகவே குட்டியின் உடல் அந்த நோயை அடையாளம் காணக் கற்றுக்கொள்வதில்லை. சில குட்டிகளில் இந்தக் காப்பு 8 வாரத்தில் தேய்ந்துவிடும். சிலவற்றில் 16 வாரம் வரையிலும் நீடிக்கும். தேய்ந்துவரும் அந்தக் காப்பு ஊசியைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு மிஞ்சியிருந்து, உண்மையான பார்வோவைத் தடுக்கும் அளவுக்கு இல்லாமற்போகும் சில நாட்கள் ஒவ்வொரு குட்டியின் வாழ்விலும் வருகின்றன. உங்கள் குட்டியின் உடன்பிறப்பு அந்த நாட்களில் கிருமியைச் சந்தித்திருக்கக்கூடும். அந்தக் குட்டியை வளர்த்தவர்கள் தவறு செய்தார்கள் என்றோ ஊசி போலியானது என்றோ இதற்குப் பொருள் இல்லை.

அந்த நாட்கள் எப்போது வரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும் வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். முந்தைய ஊசி வேலை செய்யாமற்போயிருந்தால் அடுத்தது செய்யட்டும் என்பதே இதன் நோக்கம். உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல், ஓராண்டு வரை காத்திராமல் 26 வார அளவிலேயே இன்னொரு ஊசி போட்டுவிடச் சொல்கிறது; அப்போதும் உடல் கற்றுக்கொள்ளாமல் விடுபட்ட குட்டிகள் சில மாதங்கள் முன்னதாகவே காப்புப் பெறுகின்றன. அதற்குப் பின்பு டிஸ்டெம்பர், அடினோ, பார்வோ ஆகிய மூன்று வைரஸ் நோய்களுக்கான ஊசியும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் தேவைப்படுவதில்லை. எலிக் காய்ச்சல் ஊசியின் காப்பு அவ்வளவு காலம் நிற்காது, அதை ஆண்டுதோறும் போட வேண்டும். வெறிநாய்க்கடி ஊசிக்கு உங்கள் பகுதியின் சட்டம் சொல்லும் கால அளவைப் பின்பற்றுங்கள்.

பார்வோ கிருமி 1978ஆம் ஆண்டில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டு, ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுவதும் பரவியது. குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை என வேகமாகப் பெருகும் உயிரணுக்களையே அது தாக்குகிறது. ஆகவே குடலும், நோயை எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளணுக்களும் ஒரே நேரத்தில் வீழ்கின்றன. மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். சோப்பு நீருக்கும் சாராயக் கரைசலுக்கும் மசியாது. நீர்த்த பிளீச்சிங் கரைசல் அதை அழிக்கும். கிருமி புகுந்த 3 முதல் 7 நாட்களிலும், சில குட்டிகளில் 14 நாட்கள் வரையிலும் நோய் வெளிப்படும். உங்கள் குட்டி பிறந்த இடத்தை விட்டு வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டதாலும், இன்னும் நன்றாக இருப்பதாலும், அங்கிருந்தே அதைக் கொண்டுவந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனாலும் அந்த வீட்டாரைச் சந்திக்கச் சென்றிருந்தால் செருப்பையும் உடையையும் கவனியுங்கள். வாந்தி, இரத்தம் கலந்த கழிச்சல், உணவில் முகம் கொடுக்காமை ஆகிய எதைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வெளியே அழைத்துச் செல்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முன்பின் தெரியாத நாய்கள் நடமாடும் தரையில், 16 வார ஊசி முடிந்து ஒன்றிரண்டு வாரம் ஆகும் வரை குட்டியை இறக்கிவிட வேண்டாம். ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டியும் வைக்காதீர்கள். 3 முதல் 14 வாரம் வரையில்தான் நாய்க்குட்டி மனிதர்களையும் ஒலிகளையும் பிற விலங்குகளையும் அச்சமின்றிப் பழகிக்கொள்கிறது. அதைக் கையில் ஏந்திச் சென்று உலகத்தைக் காட்டுங்கள். ஊசிகள் முழுமையாகப் போடப்பட்ட, உடல்நலமுள்ள நாய்கள் இருக்கும் வீடுகளுக்கு அழைத்துப் போங்கள்.

பொடியைப் பொறுத்தவரை, அந்த 'கூட்டும்' என்ற சொல்லே எனக்கு வருத்தம் தருகிறது. நோய் எதிர்ப்பு அமைப்பு தாக்க வேண்டியதை உரிய அளவில் தாக்கி, தாக்கக் கூடாததை விட்டுவிட்டு, வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். தன் சிவப்பணுக்களையே தன் எதிர்ப்பாற்றல் அழித்ததால் ஈறுகள் வெளுத்து, மூச்சு வாங்கி வந்த நாய்களுக்கு நான் சிகிச்சை அளித்திருக்கிறேன். எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கித்தான் அவற்றைக் காப்பாற்ற முயல்கிறோம். ஆண்டு முழுதும் சொறிந்து வாடும் ஒவ்வாமை நாய்களிடமும் எதிர்ப்பாற்றலுக்குக் குறைவில்லை, அது திசை தவறியிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று உறையில் தெளிவாக எழுதப்படாத எந்தப் பொடியையும் வளரும் குட்டிக்குக் கொடுக்க நான் ஒப்பமாட்டேன். வைட்டமின் சியை நாயும் பூனையும் தம் கல்லீரலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. வைட்டமின் டி அளவு மீறினால் சிறுநீரகம் கெடும். குட்டியின் வயதுக்கெனத் தயாரிக்கப்பட்ட முழுமையான உணவு, மாதந்தோறும் குடற்புழு நீக்கம், தவறாத ஊசி நாட்கள், நிறைய உறக்கம் ஆகியவையே இப்போது அதன் உடலுக்குப் பயன்படும்.


பதில் 2
பதிவர்: சன்னலோரம்

பல ஆண்டுகளாகக் காப்பகப் பூனைகளைக் குணமாகும் வரை வீட்டில் வைத்துப் பராமரித்து வருகிறேன். ஆகவே உங்கள் பூனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

குட்டியாக இருந்தபோது வந்த தும்மலும் கண்ணீரும், வீட்டில் பெரிய மாற்றம் நிகழ்ந்த ஒரு வாரத்தில் மீண்டும் வருவது பூனை ஹெர்பெஸ் வைரஸின் வழக்கமான போக்கு. ஒரு முறை தொற்றிய பின்பு இந்த வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை; முகத்தின் நரம்பு முடிச்சுகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும். பூனை அஞ்சும்போது சுரக்கும் கார்டிசால் எதிர்ப்பாற்றலைத் தாழ்த்துவதால் வைரஸ் மீண்டும் தலைதூக்குகிறது. உங்கள் பூனைக்கு வந்த பெரிய மாற்றம் அந்த நாய்க்குட்டிதான். குட்டியின் மேல் பழி இல்லை. பூனைக்கு ஒதுங்க இடம் கிடைத்ததா என்பதே கேள்வி.

நாய்க்குட்டி எட்ட முடியாத உயரத்தில் படுக்கை, தண்ணீர், உணவு ஆகியவற்றை வையுங்கள். உள்ளே புகுந்து மறைந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி கொடுங்கள். பெட்டி கிடைத்த பூனை புதுச் சூழலில் விரைவாக அமைதியடைவதை நான் ஒவ்வொரு முறையும் கண்டிருக்கிறேன். மலத்தட்டு நாயின் பார்வையில் படாத இடத்தில் இருக்க வேண்டும். ஒரு பூனைக்கு இரண்டு தட்டுகள் இருப்பது நல்லது. சில நாட்கள் இரண்டையும் கதவால் பிரித்து, மணத்தை மட்டும் பழக்குங்கள். இந்த வைரஸை அடக்கும் என்று சொல்லி லைசின் என்ற அமினோ அமில மாத்திரையை வாங்கச் சொல்வார்கள். முன்பு நானும் கொடுத்தேன், பின்னர் வந்த ஆய்வுத் தொகுப்புகள் அதனால் பயனில்லை என்று காட்டியதால் நிறுத்திவிட்டேன்.

வீட்டில் மிஞ்சிய கண் சொட்டு மருந்து எதையும் ஊற்றாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, கண்ணில் ஹெர்பெஸ் புண்ணும் இருந்தால், விழியே பறிபோகலாம். தெருவிலிருந்து வந்த பூனை என்பதால், இதுவரை செய்யவில்லை என்றால், பூனை லுகீமியா வைரஸுக்கும் எப்.ஐ.வி. வைரஸுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். இரண்டும் எதிர்ப்பாற்றலையே அரிப்பவை, வெளித்தோற்றத்தில் தெரியாது.


பதில் 3
பதிவர்: மருந்துப்பெட்டி

பூண்டு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். பூனைக்குச் சிறு அளவே போதும். சமைத்தாலும் பொடி செய்தாலும் நஞ்சு நீங்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உண்ணிக்காக நாயின் முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அதைப் பூனைக்குப் போட்டால் வலிப்பு வந்து இறக்க நேரிடும். மருந்து காயாத நாயுடன் பூனை உரசிப் படுத்தாலும் ஆபத்து. இரண்டும் உள்ள வீட்டில் மருந்து வாங்கும்போது அதைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தும்மலுக்கென்று பாரசிட்டமாலும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
பதிவர்: இருவாலி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பூண்டைக் கொடுக்கும் முன்பு கேட்டது நல்லதாயிற்று. பொடியையும் எடுத்து வைத்துவிட்டேன். பூனை இப்போது அலமாரியின் மேல் பெட்டிக்குள் உறங்குகிறது.

பசுந்தரை அவர்களிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பூனையின் எடை 6 கிலோ. நாலரைக் கிலோவே போதும் என்று சென்ற ஆண்டே மருத்துவர் சொன்னார். பருமனும் எதிர்ப்பாற்றலைக் கெடுக்கும் என்கிறார்களே, இப்போதே உணவைக் குறைத்துவிடலாமா? குடலுக்கு நல்லது என்னும் நுண்ணுயிர்கள் கொண்ட புரோபயாடிக் கொடுக்கலாமா?


பதில் 4
பதிவர்: பசுந்தரை (கால்நடை மருத்துவர்)

எடையைக் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம். மிகுந்த கொழுப்புத் திசு உடலில் ஓயாத மெல்லிய அழற்சியை மூட்டிக்கொண்டிருக்கும் என்பது உண்மை. 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் பின்தொடர்ந்து 2002இல் வெளியான ஆய்வில், இணை நாயைவிட 25 விழுக்காடு குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. குட்டியை வளர்க்கும்போதும் இதை மனத்தில் வையுங்கள். விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

பருத்த பூனை சில நாட்கள் உண்ணாமல் இருந்தாலே உடல் கொழுப்பு கல்லீரலில் குவிந்து உயிருக்கு ஆபத்தாகும். மூக்கடைத்த பூனைக்கு மணம் தெரியாது. மணம் தெரியாவிட்டால் அது உண்ணாது. ஆகவே இப்போது ஈர உணவைச் சற்றே வெதுவெதுப்பாக்கி, விரும்பும் அளவு கொடுங்கள். தும்மல் நின்று இரண்டு வாரம் ஆன பின்பு, வாரத்துக்கு உடல் எடையில் ஒரு விழுக்காடு அளவில் மெல்லக் குறைக்கலாம்.

எதிர்ப்பு உயிரணுக்களில் பெரும்பகுதி குடலைச் சூழ்ந்தே இருப்பதால், புரோபயாடிக் பற்றிய உங்கள் கேள்வி பொருத்தமானது. நாய், பூனைக்கென்று சோதிக்கப்பட்டு, நுண்ணுயிரின் வகை உறையில் குறிப்பிடப்பட்டவை கழிச்சலின்போது உதவலாம். நலமாக உள்ள விலங்குக்கு அன்றாடம் தேவையில்லை.

பூனையின் கண்ணை நாளைக்கே காட்டிவிடுங்கள். அதற்குள் கண்ணை மூடியே வைத்திருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, ஒரு நாள் முழுதும் எதையும் உண்ணாவிட்டாலோ, இரவு என்றும் பாராமல் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் அதைத் தொட்ட கையைக் கழுவிய பின்பே குட்டியைத் தூக்க வேண்டுமோ என்று ஐயப்பட வேண்டாம். பூனையின் ஹெர்பெஸ் வைரஸ் நாய்க்கும் மனிதருக்கும் தொற்றாது.