பாயிண்ட்ல கூட்ஸ் வண்டி தடம் புரளுற ரிஸ்க்கை எப்படி கணக்கு போடுறது? தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம் நண்பர்களே, நான் காட்பாடி, மெக்கானிக்கல் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு பாயிண்ட்டை (ஒரு தண்டவாளத்துல இருந்து இன்னொண்ணுக்கு வண்டி மாறுற இடம்) கூட்ஸ் வண்டி கடக்கும்போது தடம் புரளுற ரிஸ்க்னு எடுத்துட்டு இப்ப முழிக்கிறேன்.

சக்கரம் தண்டவாளத்து மேல ஏறாம எவ்வளவு பக்கவாட்டு விசை தாங்கும்னு சொல்ற நாடல் ஃபார்முலா வரைக்கும் போட்டுட்டேன், ஃப்ளேஞ்ச் (சக்கரத்தோட உள்பக்க விளிம்பு) கோணம் 68 டிகிரி, உராய்வு 0.3னு வச்சா பக்கவாட்டு விசைக்கும் சக்கரத்து மேல இறங்குற லோடுக்கும் உள்ள விகிதம் 1.25 வரை தாங்குது, அதே உராய்வை 0.5 ஆக்கினா 0.88க்கு இறங்கிடுது, ஆனா இதெல்லாம் சாதா தண்டவாளத்துக்குத்தானே. டங் ரயில் (பாயிண்ட்ல நகர்ந்து வழியை மாத்துற தண்டவாளம்) நுனியை சீவி மெலிசாக்கி இருக்காங்க, தேஞ்சு வேற போகும், அங்க சக்கரம் தொடுற கோணம் 68ஏ இருக்காதே, எதை எடுக்கிறது? அதோட எட்டரைக்கு ஒண்ணு டர்ன்அவுட்ல (எட்டரை அடி போனா ஒரு அடி விலகுற பிரிவு) ட்ரான்சிஷனும் (வளைவு படிப்படியா கூடுறது) இல்ல கேன்ட்டும் (வெளித் தண்டவாளத்தை உயர்த்துறது) இல்ல, வளைவு திடீர்னு ஆரம்பிக்குது, அந்த இடிக்கு தனியா ஏதும் சேர்க்கணுமா?

எங்கப்பா பாயிண்ட்ஸ்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர், "லோடு வண்டிய விட காலி வண்டிதான்டா பயம்"ம்பார். அது சரிதான், காலி பாக்ஸ்என் வேகன் (நிலக்கரி மாதிரி சரக்கு ஏத்துற திறந்த வேகன்) சுமார் 22 டன், நிரப்பினா 81, சக்கரத்தை அழுத்திப் பிடிக்க வெயிட்டே இல்ல. நேத்து மேம்பாலத்துல நின்னு பாத்தேன், காலி ரேக் பாயிண்ட்ல திரும்பும்போது ஒவ்வொரு வேகனும் தோளை ஒரு வெட்டு வெட்டிட்டுதான் போகுது.

சிம்பேக் (வண்டி ஓட்டத்தை கம்ப்யூட்டர்ல சிமுலேட் பண்ற சாஃப்ட்வேர்) லைசென்ஸ் எல்லாம் நமக்கு கட்டுப்படியாகாது, கைடு சார்கிட்ட கேட்டா நெட்ல பாருப்பாங்கிறார். இலவசமா ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கா? பிவே (தண்டவாளப் பராமரிப்பு) சைடுல வேலை பாக்குற அண்ணனுங்க யாராவது தேஞ்ச டங் ரயிலோட ப்ரொஃபைலை எப்படி அளக்குறாங்கன்னு மட்டுமாவது சொன்னீங்கன்னா போதும், அடுத்த வாரம் ரிவ்யூ.