45 ப்ரொஃபைல் டயர் (சைடுவால் உயரம் அகலத்துல 45%) ஏத்தும்போது மேல் பீடு (ரிம்ல உக்காருற டயர் ஓரம்) கிழியுது, டயர் மாத்துற மெஷின்ல கோளாறா?

வீல்பட்டறை:
ஸ்விங் ஆர்ம் மெஷின், பீடை அழுத்திப் பிடிக்கிற ஹெல்ப்பர் ஆர்ம் கிடையாது. 14, 15 இன்ச்ல பிரச்சினை இல்லை. 215/45 ஆர்17 அலாய்ல கீழ் பீடு சுலபமா இறங்குது. மேல் பீடு கடைசி ஒரு சாண் இருக்கும்போது வீலைச் சுத்துற டேபிள் திணறி நிக்குது. அதுக்கு மேல பெடலை மிதிச்சா பீடு ஓரம் கிழிஞ்சு கம்பி தெரியுது. ஏர் 8 பார் வருது. பீடை ரிம் விளிம்பு தாண்ட வைக்கிற ஹெட்டை மாத்தணுமா?

ரிம்_கை:
ஹெட்டை விடுங்க அண்ணே, எதிர்ப்பக்கம் பாருங்க. பீடுக்குள்ள இருக்கிற கம்பி நீளாது. ஒரு பக்கம் ரிம் விளிம்பைத் தாண்டணும்னா மறுபக்கம் ரிம்மோட நடுப்பள்ளத்துல கிடக்கணும். ஹெட் 12 மணின்னு வச்சா 3லேர்ந்து 6 மணி வரைக்கும் பீடு பள்ளத்துக்குள்ள இருக்கணும். 175/65 ஆர்14ல சைடுவால் 114 மி.மீ., கையால அழுத்தினாலே போதும். உங்க டயர்ல 97 மி.மீ. தான், விறைப்பும் அதிகம். கையை எடுத்ததும் பீடு மேல ஏறிடும். ரிம் விளிம்புல மாட்டுற பீடு கிளாம்பை 3 மணியில போடுங்க, டேபிளோட சேர்ந்தே சுத்தி வரும். திணறினா உடனே பெடலை மேல தூக்கி ரிவர்ஸ்ல கொஞ்சம் விட்டு, பீடை மறுபடி பள்ளத்துல தள்ளிட்டு ஓட்டுங்க. மோட்டாரை நம்பி மிதிச்சா கிழியத்தான் செய்யும்.

டயர்மேன்_சேலம்:
அது சரி. இன்னொண்ணு, பள்ளம் எந்த முகத்துக்குக் கிட்ட இருக்குன்னு பார்த்துட்டு டேபிள்ல வைங்க. சில அலாய்ல உள்முகத்துக்குக் கிட்ட இருக்கும்; அதைக் கவுத்துப் போட்டுத்தான் ஏத்தணும், கழட்டணும். முகப்பு மேல இருந்தா என்ன அழுத்தினாலும் பீடு இறங்காது.

ரெண்டு பீடுக்கும் டயர் பேஸ்ட் தடவுங்க. கிரீஸ், இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம். ரப்பர் ஊறிடும், பிரேக் பிடிக்கும்போது ரிம் டயருக்குள்ளயே வழுக்கும். ஹெட் ரிம்லேர்ந்து மேலயும் பக்கவாட்டுலயும் 2 மி.மீ. தள்ளி நிக்கணும். ஹெட்ல இருக்கிற நைலான் தேஞ்சிருந்தா மாத்துங்க, இல்லன்னா அலாய்ல கோடு விழும்.

வீல்பட்டறை:
நன்றி. காத்து அழுத்த சென்சார் இருக்கிற வீலுக்கு?

ரிம்_கை:
வால்வு இருக்கிற இடத்துலேர்ந்து தள்ளித்தான் பீடை ரிம்லேர்ந்து பிரிக்கிற பீடு பிரேக்கர் பலகையை வைக்கணும். லிவரை சென்சார் மேல நுழைக்காதீங்க. கடைசியா ஏறுற இடத்துல சென்சார் வரவே கூடாது, பீடு அழுத்தத்துல உடைஞ்சிடும்.

காத்து பிடிக்கும்போது வால்வு பின்னைக் கழட்டிட்டு ஏத்துங்க. ரெண்டு பக்கமும் பீடு உக்காரணும், 40 பிஎஸ்ஐ தாண்ட வேண்டாம். அதுக்குள்ள உக்காரலைன்னா காத்தை இறக்கிட்டு மறுபடி பேஸ்ட் போடுங்க. அந்த நேரத்துல டயர் மேல குனியாதீங்க.

கம்பி தெரிஞ்ச அந்த டயரை ஒட்டுப் போட்டுக்கூட வண்டியில மாட்டாதீங்க அண்ணே, பீடுல ஒட்டு நிக்காது.