ஓரியூர் மண்ணைத் தூவலாமா?

தங்கச்சிமடத்தான்:
சாமி நம்பிக்கை போய்ப் பத்து வருஷமாச்சு. ஆனாலும் படகுக்குப் பெயின்ட் அடித்து இறக்கும்போதெல்லாம், 1693-இல் கிறிஸ்தவப் புனிதர் அருளானந்தர் வெட்டுப்பட்ட ஓரியூர்ச் செம்மண்ணை அப்பாவோடு சேர்ந்து அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) தூவுகிறேன். இது ஏமாற்று வேலையா?

கீழக்கரை:
நான் நோன்பு வைப்பதில்லை. பள்ளிவாசல் கஞ்சிக்கு மட்டும் தூக்குவாளியோடு முதல் ஆள். வெந்தயமும் தேங்காய்ப்பாலும் மணக்கும்போது கொள்கையாவது ஒன்றாவது!

தேவிபட்டினம்:
ஆடி அமாவாசைக்கு அம்மாவைக் கைப்பிடித்து கடலுக்குள் இருக்கும் நவபாஷாணக் கோயிலுக்குக் கூட்டிப்போவேன். கும்பிடமாட்டேன், அவ்வளவுதான். சரி தம்பி, ஜெபம் சொல்லச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

தங்கச்சிமடத்தான்:
வாயசைப்பேன் அண்ணே. அப்பாவுக்கும் தெரியும். போன தடவை மண் பொட்டலத்தை என்னிடமே நீட்டி, "நீயே தூவு, எனக்குக் குனிய முடியல" என்றார்.