நெட்டாலுக்குக் கப்பலேறிய பூட்டனாரின் ஊரை டி.என்.ஏ சோதனை காட்டுமா?

கேள்வி – டர்பன்வாசி

அப்பாவுக்குப் பூட்டனார் 1880-களில் மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நெட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அப்பாவின் அப்பா வழியிலேயே மேலே போனால் வருபவர். அவர் பெயர்தான் இன்று எங்கள் குடும்பப் பெயர். வட ஆர்க்காடு என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு 81 வயது. நான் சோதனை எடுத்தால் ஊர் தெரியுமா? எந்தச் சோதனை நல்லது?

பதில் – கிளைவழி

ஊர் தெரியாது. ‘தென்னிந்தியா, இலங்கை’ என்று வரைபடத்தில் ஒரு வட்டமும் ஒரு சதவீதமும் வரும். அதை வைத்துத் தாலுகாவைக் கூடச் சொல்ல முடியாது. உங்களுக்குப் பயன்படப் போவது பொருத்தப் பட்டியல்தான்: யாருடன் எத்தனை சென்டிமார்கன் (டி.என்.ஏ துண்டுகளை அளக்கும் அலகு) பொதுவாக இருக்கிறது என்பது.

சோதனையை நீங்கள் எடுக்காதீர்கள், அப்பாவை எடுக்கச் சொல்லுங்கள். பூட்டனாரின் அண்ணன் தம்பி யாராவது ஊரிலேயே தங்கியிருந்தால், அவருடைய கொள்ளுப்பேரன் உங்கள் அப்பாவோடு சராசரி 73 சென்டிமார்கன் பகிர்வார். அந்த உறவிலேயே பத்தில் ஒரு ஜோடிக்கு எதுவும் பொருந்தாது. ஒரு தலைமுறை கீழே, நீங்களும் அவர் பிள்ளையும் என்றால், பாதிப் பேருக்குப் பொருத்தமே காட்டாது. அப்பா இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பதில் – பாலாற்றங்கரை

ஊரைச் சொல்லப்போவது காகிதம்தான். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து 1911 வரை நெட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த சுமார் 1,52,000 பேருக்கும் பதிவு உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் எல்லாம் இருக்கும்.

பெயரை வைத்துத் தேடாதீர்கள். முனுசாமி, கோவிந்தன் என்று நூற்றுக்கணக்கில் வரும். தாத்தா, பாட்டி தலைமுறையின் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் பெற்றோரின் காலனி எண் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

கிராமப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இன்னொன்று, அன்றைய வட ஆர்க்காடு இன்றைய வேலூர், ராணிப்பேட்டையோடு நிற்காது. 1911-க்கு முன் சித்தூர், பலமநேர், சந்திரகிரி எல்லாம் அதில்தான் இருந்தன. ஊர் இப்போது ஆந்திராவில் இருக்கலாம். குலதெய்வத்தின் பெயர் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் குறித்து வையுங்கள். பங்காளிகளைத் தேட அதைவிட நல்ல துப்பு கிடையாது.

டர்பன்வாசி

நன்றி ஐயா. சித்தப்பா மகன் ஏற்கெனவே சோதனை எடுத்திருக்கிறார். சென்னைக்காரர் ஒருவருடன் 62 சென்டிமார்கன், 7 துண்டுகள், நீளமான துண்டு 11 என்று காட்டுகிறது. நெருங்கிய சொந்தமா?

பதில் – கிளைவழி

பெரும்பாலும் இல்லை. இந்த எண்கள் நம் ஆட்களுக்கு ஏமாற்றும். அத்தை மகள், மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கட்டிய சமூகத்தில், எல்லோருக்கும் எல்லோரோடும் பழைய சிறு துண்டுகள் பொதுவாக இருக்கும். அவற்றைக் கூட்டினால் மொத்தம் பெரிதாகத் தெரியும். நிறுவனம் சொல்லும் உறவுப் பெயர், சொந்தத்தில் கட்டாத மக்களை வைத்துப் போட்ட கணக்கு.

மொத்தத்தை விட்டுவிட்டு நீளமான துண்டைப் பாருங்கள். தலைமுறை கடக்கக் கடக்கத் துண்டுகள் உடைந்து சிறுக்கும். 62-ல் ஒரே துண்டு 35 என்றால் ஐந்தாறு தலைமுறைக்குள் ஒரு பொது மூதாதை இருக்க வாய்ப்பு அதிகம். உடனே அவருக்கு எழுதுங்கள். எல்லாம் 8, 9, 11 என்றால் ஒதுக்கி வையுங்கள். முடிவுக் கோப்பைத் தரவிறக்கி, முடிவுகளை ஒப்பிட உதவும் ஜெட்மேட்ச் இணையதளத்தில் ஏற்றினால் துண்டு துண்டாகப் பார்க்கலாம். பெற்றோர் இருவரும் உறவினரா என்று காட்டும் கருவியும் அங்கே உண்டு. பொருத்தங்களை எடைபோடும் முன் அதை ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

உங்களுடையது நேர் ஆண்வழி என்பதால் ஒய் குரோமோசோம் சோதனை இன்னும் உறுதியானது. அது அப்பனிடமிருந்து மகனுக்கு அப்படியே போவது. அத்தை மகளைக் கட்டினாலும் கலங்காது. காகிதத்தில் ஊர் கிடைத்த பிறகு, அங்கே பங்காளி என்று கருதும் ஓர் ஆணும் அப்பாவும் 37 இடச் சோதனை (ஒய் குரோமோசோமில் 37 இடங்களை ஒப்பிடுவது) எடுக்கட்டும். ஆறேழு இடம் வேறுபட்டால் தந்தைவழி வேறு. 36, 37 ஒத்துப்போனால் ஒரே வழி. ஆனால் பிரிந்தது 150 வருடத்துக்கு முன்பா, 500 வருடத்துக்கு முன்பா என்பதற்கு 111 இடச் சோதனை அல்லது ஒய் குரோமோசோமை இன்னும் விரிவாகப் படிக்கும் ‘பிக் ஒய்’ சோதனை வேண்டும்.

பதில் – ஆய்வகத்தான்

அப்பாவிடம் மாதிரி எடுப்பது பற்றி: வயதானவர்களுக்கு எச்சில் குறைவாக ஊறும், குழாயின் கோடு வரை நிரம்பாமல் மாதிரி தோற்பது வழக்கம். நுரையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கன்னத்தின் உட்புறம் துடைத்தெடுக்கும் கிட் தரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். அரை மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, காபி, வெற்றிலை எதுவும் வேண்டாம். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு வாய் கொப்பளித்து, பிறகு அரை மணி காத்திருந்து எடுங்கள்.

ஊர்க்காரரிடம் மாதிரி கேட்கும்போது, குடும்பத்தில் யாரும் எதிர்பாராத உறவு வெளிப்படலாம் என்பதை முன்கூட்டியே தமிழில் விளக்கி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முடிவு வந்ததும் மூலக் கோப்பைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ சோதனை நிறுவனமான 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் மனு போட்டபோது, கணக்கை மூடுமுன் கோப்பை எடுக்க எல்லோரும் அலைந்தார்கள்.