என் நாய் ஸ்லீவை வெறியா கடிக்கிறா, வாளி விழுந்தா மிரளுறா, எதை நம்புறது?

கேள்வி:
என்கிட்ட 14 மாச ஜெர்மன் ஷெப்பர்ட் பொண்ணு இருக்கா, ஐஜிபிங்குற வேலை நாய் சோதனைக்கு ட்ரெயினிங் ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு. கிரவுண்டுல ஸ்லீவை, அதாவது கடிக்கக் கொடுக்குற தடிமனான கைக்கவசத்தைப் பார்த்தா போதும், பாய்ஞ்சு கவ்விட்டு விடவே மாட்டா, இவளுக்கு பயம்னா என்னன்னே தெரியாதுன்னு அதை மாட்டிக்கிட்டு எதிராளியா நிக்குற ஹெல்பர் சொல்றார். ஆனா போன வாரம் ஒரு இரும்பு வாளி கீழ விழுந்துச்சு, வாலை ஒடுக்கிட்டு என் பின்னாடி ஒளிஞ்சவ அரை மணி நேரம் அந்தப் பக்கமே திரும்பல. அவளை வச்சு குட்டி எடுக்கலாம்னு நெனச்சேன், அதான் குழப்பமா இருக்கு.

பதில் 1:
ரெண்டுமே அவதாங்க. ஸ்லீவ் அவளுக்கு ஓடுற இரை, துரத்திப் பிடிக்கிறா, அது ப்ரே டிரைவ், அதை வச்சு தைரியத்தை அளக்க முடியாது. ஹெல்பர் நேருக்கு நேரா முறைச்சுக்கிட்டு குச்சியை ஓங்கிட்டு மேல வரும்போது கடி எப்படி மாறுதுன்னு பாருங்க. வாய் நெறைய, அமைதியா பிடிச்சிருந்தா நல்ல மனசுறுதி. முன்பல்லுல மட்டும் பிடிக்கிறது, மாத்தி மாத்தி மெல்லுறது எல்லாம் பெரும்பாலும் உள்ள இருக்குற பதட்டம்தான், சில நேரம் தப்பா சொல்லிக் கொடுத்ததாலயும் வரும், அதனால ஒரு நாள் பார்த்து முடிவு பண்ணிடாதீங்க. ஐஜிபி 1, அதாவது முதல் நிலை சோதனை எழுதவே 18 மாசம் ஆகணும், இப்பவே அந்த அழுத்தம் முழுசா குடுக்க வேணாம்.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா கடியை மட்டுமே பேசுறோம். ஐஜிபில ட்ராக்கிங் (தடத்தை மோப்பம் பிடிச்சுப் போறது), ஒபீடியன்ஸ் (சொன்னதைக் கேக்குறது), ப்ரொடக்ஷன் (இந்தக் கடி, காவல்) மூணுக்கும் 100, 100 மார்க்குதான். யாரை வச்சு குட்டி எடுக்கலாம்னு பார்க்கத்தான் ஜெர்மனில இந்த சோதனையே வந்துச்சு. ஹெல்பர் அசையாம நின்னதும் 'அவுட்' சொன்னா விட்டுட்டு தெளிவா காவல் காக்குறாளா? அது எனக்கு கடியை விட முக்கியம்.

என் ஆண் நாய் எங்க கிரவுண்டுல சிங்கம். வேற கிரவுண்டு, வேற ஹெல்பர், ஹெல்பர் ஒளிஞ்சு நிக்குற கூடாரத்துக்குள்ள போகவே தயங்குனான், அன்னைக்கு ரொம்ப வலிச்சுது. தெரிஞ்ச இடத்துல பழகுன பாடத்தைத்தான் அவன் ஒப்பிச்சிருக்கான். நீங்களும் இடத்தை மாத்திப் பாருங்க. சத்தத்துக்கு திடுக்கிடுறது தப்பே இல்ல, எவ்வளவு சீக்கிரம் மீண்டு வர்றாங்குறதுதான் கணக்கு, அரை மணி நேரம் கொஞ்சம் அதிகம்தான்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. இன்னைக்கு அந்த வாளியை சும்மா தரையில வச்சுட்டு நான் தள்ளி உக்காந்துட்டேன், கூப்பிடவும் இல்ல, இழுக்கவும் இல்ல. பத்து நிமிஷம் சுத்தி சுத்தி வந்து கடைசில தானா போய் மோந்து பார்த்தா. வேற கிரவுண்டுல பார்த்துட்டு எழுதுறேன், அதுவரை குட்டிப் பேச்சு வேணாம்.