எதிர்ப்பொருள் இருந்தும் எச்.ஐ.வி. எப்படித் தப்புகிறது? என்வ் வரிசைகளில் அதை எப்படிப் பார்ப்பது?

கேள்வி:

சிகிச்சை தொடங்காத ஒருவரின் 3, 12, 24ஆம் மாத பிளாஸ்மா மாதிரிகளிலிருந்து என்வ் மரபணுவின் (வைரஸின் உறைப் புரதத்தைத் தருவது) வரிசைகளை எடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டு சந்தேகங்கள். ஒன்று, ரத்தத்தில் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஏராளமாக இருக்கும்போதே வைரஸ் பெருகுகிறதே, அந்த எதிர்ப்பொருள் வேலை செய்யவில்லை என்றுதான் கொள்ள வேண்டுமா? இரண்டு, வரிசைகளில் தெரியும் நூற்றுக்கணக்கான மாற்றங்களில் எது எதிர்ப்பொருளிடமிருந்து தப்புவதற்காக வந்தது, எது தற்செயலானது என்று பிரிப்பது எப்படி?

பதில் 1:

வேலை செய்கிறது. ஆனால் நேற்றைய வைரஸின் மேல். 12ஆம் மாத பிளாஸ்மாவை 3ஆம் மாத வைரஸோடு கலந்து பாருங்கள், நன்றாகவே முடக்கும். அதே பிளாஸ்மாவை 12ஆம் மாத வைரஸோடு கலந்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. எதிர்ப்பொருள் உருவாகி முதிர்வதற்குள் வைரஸ் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. 2003இல் வெளிவந்த ஆய்வுகளே இதைத் தெளிவாகக் காட்டிவிட்டன.

வேகத்துக்குக் காரணம் எண்ணிக்கை. மரபுத்தொகுதி சுமார் 9,700 எழுத்து. ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் எழுத்துக்கு ஏறத்தாழ 1 லட்சத்தில் 3 பிழை, அதாவது மூன்று பிரதிக்கு ஒரு சடுதிமாற்றம். சிகிச்சையில்லாத உடலில் நாளொன்றுக்கு உருவாகும் துகள்கள் ஆயிரம் கோடி அளவில். பெரும்பாலானவை எந்தச் செல்லையும் தொற்றாமலே அழிந்தாலும், தப்ப வழியுள்ள ஒன்றிரண்டு எப்போதும் மிஞ்சும். போதாததற்கு ஒவ்வொரு துகளிலும் இரண்டு ஆர்.என்.ஏ. இழைகள் உண்டு. படியெடுக்கும் நொதி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது, வெவ்வேறு வைரஸ்களில் தோன்றிய இரண்டு தப்பும் மாற்றங்கள் ஒரே மரபுத்தொகுதியில் சேர்ந்துவிடும்.

ஒரு திருத்தம்: முதல் சில வாரங்களில் வரும் எதிர்ப்பொருள்கள் ஒட்டும், முடக்காது. சொந்த வைரஸை முடக்கக்கூடியவை பெரும்பாலும் 3 மாதத்துக்கு மேல்தான் வரும். ஆகவே உங்கள் 3ஆம் மாத மாதிரியைத் தொடக்கப்புள்ளியாக வைப்பது பொருத்தமே. அதற்கு முந்தைய மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது.

பதில் 2:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதலில் சர்க்கரையைப் பாருங்கள். என்வ் தரும் வெளி உறைப் புரதமான ஜிபி120இன் எடையில் ஏறக்குறைய பாதி அதன்மேல் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றை ஒட்டவைப்பது நம் செல்லின் நொதிகளே என்பதால் எதிர்ப்பு மண்டலம் அவற்றைச் சொந்தப் பொருளாகவே பார்க்கிறது. அஸ்பரஜின், ஏதாவது ஓர் அமினோ அமிலம் (புரோலின் தவிர), அடுத்து செரின் அல்லது திரியோனின் என்ற மூன்றெழுத்து எங்கே வருகிறதோ அங்கே சங்கிலி ஒட்டலாம். எனவே ஒரே எழுத்து மாறினாலும் சங்கிலி நகரும். புரதத்தின் 332ஆம் இடத்தில் அஸ்பரஜின் இருக்கும்போது 334ஆம் இடத்தின் அஸ்பரஜின் செரினாக மாறினால் 334இல் இருந்த சங்கிலி போய் 332இல் முளைக்கும். டிஎன்ஏ அளவில் இதற்கு ஏஏடி ஏஜிடி ஆனால் போதும்.

இந்த இடத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட சிலரில், தொடக்க வைரஸில் 332 சங்கிலி இல்லை. எதிர்ப்பொருளிடமிருந்து தப்பவே அது அங்கே வந்தது. பிறகு அந்தச் சங்கிலியையே பிடித்துக்கொண்டு பரந்த வீச்சுள்ள (பலவகை எச்.ஐ.வி.யை முடக்கும்) எதிர்ப்பொருள்கள் உருவாயின. 2012இல் வெளியான இந்த முடிவு, தடுப்பூசி வடிவமைப்போர் மனத்தில் இருத்த வேண்டிய ஒன்று: தப்பும் வழியே சில நேரம் புதிய இலக்கைத் திறந்துவிடுகிறது.

அடுத்து, ஜிபி120இல் மிகவும் மாறுபடும் பகுதிகளான வி1, வி2, வி4 வளையங்களின் நீளம். இங்கே எழுத்து மாறுவதைவிடச் செருகலும் நீக்கலும் அதிகம். வரிசைகளை டிஎன்ஏவாக அடுக்காமல் கோடான்வாரியாக (ஓர் அமினோ அமிலத்துக்கான மும்மூன்று எழுத்தாக) அடுக்குங்கள், இடங்களுக்கு எச்எக்ஸ்பி2 என்ற பொது ஒப்பீட்டு வரிசையின் எண்களையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதங்களின் இரு வேறு இடங்களை ஒன்றென ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. 20 வரிசை போதுமா? வழக்கமான பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) செய்து குளோன் எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

பதில் 3:

குளோன் வேண்டாம். பலவகை வைரஸ் கலந்த மாதிரியை மொத்தமாகப் பெருக்கினால் பாதியில் நின்ற இழைகள் வேறொன்றில் ஒட்டி, உடலில் இல்லாத கலப்பு வரிசைகளைக் குழாயிலேயே உருவாக்கும். சிடிஎன்ஏவை (வைரஸ் ஆர்.என்.ஏ.விலிருந்து படியெடுத்த டிஎன்ஏ), பிசிஆர் தட்டில் 30 விழுக்காடு கிணறுகளுக்கு மேல் பெருகாத அளவுக்கு நீர்த்துப்போகச் செய்யுங்கள். அப்போது பெருகிய கிணறுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஒரே மூலக்கூறிலிருந்து வந்தவை. நேரடியாக வரிசைப்படுத்தி, ஒரே இடத்தில் இரண்டு எழுத்தைக் காட்டும் இரட்டை உச்சி தெரிவதைத் தள்ளிவிடுங்கள். ஒரு மாதத்துக்கு 20 வரிசை என்றால், 14 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள வகை கண்ணில் பட 95 விழுக்காடு வாய்ப்பு. அதைவிட அரிதானது வேண்டுமென்றால் எண்ணிக்கையைக் கூட்டத்தான் வேண்டும். ஜி எழுத்துகள் கூட்டமாக ஏ ஆகியிருக்கும் வரிசைகள் செல்லின் ஏபிஓபிஇசி நொதி செய்த சேதம். தேர்வழுத்தத்தைக் கணக்கிடும் முன் அவற்றை நீக்குங்கள்.

இன்னொன்று. என்வ்வில் வரும் எல்லா மாற்றமும் எதிர்ப்பொருளால் வந்ததல்ல, கொல்லி டி செல்களுக்குத் தப்புவதும் அதே மரபணுவில் நடக்கும். வரிசை சந்தேகத்தைத்தான் தரும், சான்று சோதனைத்தட்டில். போலி வைரஸ் (நோயாளியின் என்வ் உறையோடு ஒருமுறை மட்டும் தொற்றக்கூடியது) செய்து, பிளாஸ்மாவை 56 டிகிரியில் சூடாக்கி, 1:20இல் தொடங்கி மும்மடங்காக நீர்த்து, வைரஸோடு 37 டிகிரியில் 1 மணி நேரம் வைத்துப் பிறகு டிஇசட்எம்-பிஎல் செல் (எச்.ஐ.வி. தொற்றினால் லூசிஃபெரேஸ் என்ற ஒளிதரும் நொதியை உண்டாக்கும் ஆய்வகச் செல்) சேருங்கள். 48 மணி நேரம் கழித்து லூசிஃபெரேஸ் ஒளியை அளவிடுங்கள், ஒளி குறைந்தால் வைரஸ் முடங்கியது என்று பொருள். எல்லா மாத வைரஸையும் எல்லா மாத பிளாஸ்மாவோடும் கட்டம் கட்டமாகச் சோதிக்க வேண்டும். பிறகு சந்தேகப்பட்ட மாற்றத்தை மட்டும் 3ஆம் மாத வைரஸில் புகுத்துங்கள். 12ஆம் மாத பிளாஸ்மா அதை முடக்கும் திறன் விழுந்தால் அந்த மாற்றம்தான் காரணம்.

பதில் 2 எழுதியவர்:

மேலே சொன்னதோடு எம்எல்வி (எலிகளின் வைரஸ்) உறையுள்ள போலி வைரஸைக் கட்டாயம் சேருங்கள். பிளாஸ்மாவில் எதிர்வைரஸ் மருந்து இருந்தால் அதுவும் ஒளியைக் குறைக்கும், எதிர்ப்பொருள் முடக்கியது போலவே தோன்றும். எம்எல்வி உறையை எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் தொடாது, உள்ளுடல் எச்.ஐ.வி.யுடையது என்பதால் மருந்து தொடும். அங்கேயும் ஒளி குறைந்தால் அந்த பிளாஸ்மாவிலிருந்து ஐஜிஜி எதிர்ப்பொருளை மட்டும் பிரித்தெடுத்துச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.